கிரஷர் சத்தத்தையும் கதையில் சேருங்கள்

பெருமுக்கல் மலைக்குக் குறும்படம் எடுக்க வரும் பையன்கள் பலர், லைட்டும் மைக்கும் வாடகைக்குக் கேட்டு என்னிடம்தான் வருவார்கள். கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. அவர்கள் சேர்த்து வைத்த காசில் முதல் அட்வான்ஸ் ட்ரோனுக்குப் போயிருக்கும். மலை, மேலே முக்தியாசலேஸ்வரர் கோயில், கீழே வயல் எல்லாம் ட்ரோனில் அழகாகத்தான் விழும். ஆனால் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் இதே மலைப் பாறையில் கீறிவைத்த உருவங்கள் அதில் தெரியாது. அதற்குக் குனிய வேண்டும்.

மத்தியானத்துக்குள் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் கைக்காசு கரைந்துவிடும். அப்புறம், குவாரிப் பக்கத்துக் கிரஷர் சத்தத்தில் வசனமே கேட்கவில்லை, சென்னையில் டப்பிங் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பல படங்கள் அந்த டப்பிங்கிலேயே நின்றுபோகும்.

உங்கள் கதையில் கதாநாயகன் ஏன் ஐ.டி. கம்பெனியிலேயே இருக்க வேண்டும்? கிரஷரில் வேலை பார்த்துக் காது மந்தமானவனாக அவனை எழுதுங்களேன். சத்தமும் டிப்பர் லாரி கிளப்பும் புழுதியும் சும்மாவே கிடைக்கும். சிக்கனத்தை எழுதும்போதே ஆரம்பிக்க வேண்டும், ஷூட்டிங்கில் அல்ல.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ அப்படி எழுதிய படம். குடிகார அப்பன், பள்ளிக்கூடத்துப் பையன், மதுரைப் பக்கத்துப் பொட்டல். பஸ்ஸுக்கு வைத்திருந்த ரூபாய் நோட்டைப் பையன் கிழித்துவிடுகிறான். இனி இரண்டு பேரும் அந்த வெயிலில் நடந்துதான் ஊர் திரும்ப வேண்டும். செட் எதற்கு? 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது அது. வாடகை வீடு தேடி அலையும் குடும்பத்தைச் சொன்ன செழியனின் ‘டு லெட்’டில் பின்னணி இசையே கிடையாது. 2017-க்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் அதுதான்.

இதற்காகக் காசில்லாததைப் பெருமையாகப் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. ‘சான்ஸ்’ என்று சொல்லி நாலு பேரைக் கூட்டிவந்து, கூலியும் சோறும் தராமல் வெயிலில் நிறுத்துவதற்குச் சிக்கனம் என்று பேர் வைக்காதீர்கள்.

ட்ரோன் காசில் ஒரு நல்ல மைக்கும், சவுண்ட் எடுக்கத் தெரிந்த ஓர் ஆளும் வரட்டும். வசனக் காட்சி இருந்தால், கிரஷர் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று முந்தின நாளே டீக்கடையில் கேட்டுவையுங்கள். சொல்வார்கள்.