‘போர்டு போய்விட்டது’ என்று சொல்லுமுன்...

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

இன்றைய மாணவனுக்குப் புத்தகம் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாததாகிவிட்டது கணிப்பொறி. கல்லூரியில் சேர விண்ணப்பம், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு அறிவிப்பு என எல்லாம் அதன் வழியேதான் வருகின்றன. அந்தக் கணிப்பொறி ஒருநாள் திடீரென்று உயிர் பெற மறுத்தால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: “போர்டு போய்விட்டது, வேறு போட வேண்டும்.” நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

இந்தத் தீர்ப்பு பல வேளைகளில் சோதனை இன்றியே சொல்லப்படுகிறது என்பதும், அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது அறிவியல் படிக்கும் நமக்கு அழகன்று என்பதும் என் கருத்து.

எங்கள் ஊர்ப்பக்கம் ஏர் பழுதுபட்டால் யாரும் “ஏர் போய்விட்டது” என்று சொல்வதில்லை. கொழு தேய்ந்தால் கொழுவை மாற்றுகிறார்கள். நுகத்தடி முறிந்தால் நுகத்தடியை மாற்றுகிறார்கள். மேழி ஆடினால் ஆப்பு வைத்து இறுக்குகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் தாத்தாவுக்கு இந்தப் பகுத்தறிவு இருந்தது. பட்டப்படிப்புப் படிக்கும் நாம் மட்டும் முழுப் பெட்டியையும் ஒரே சொல்லில் சாகடித்துவிடுகிறோம். நியாயமா?

தாய்ப்பலகை என்பது யாது?

மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்த தட்டு. அதன் மேலும் கீழும் மட்டுமல்லாமல் உள்ளேயும் செம்புக் கோடுகள் ஓடுகின்றன. நான்கு அடுக்கு, ஆறு அடுக்கு என்று பலகைகள் உண்டு. இக்கோடுகள்தாம் செயலியையும் ராம் நினைவகத்தையும் மின்சாரத்தையும் இணைக்கும் நரம்புகள்.

விபத்துகள் பெரும்பாலும் பெட்டியைத் திறந்து மூடும்போதுதான் நேர்கின்றன. விசிறியைக் கழற்றும்போது திருப்புளி வழுக்கிப் பலகையைக் கீறிவிடும். ஒரு சிறு திருகாணி நழுவிப் பலகைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். செயலி உட்காரும் இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்தாலும் போதும். தேநீர் கொட்டுவதும் உண்டு. இவை யாவும் வெவ்வேறு நோய்கள். எல்லாவற்றிற்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்?

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, தீர்க்கும் வழி இன்னது என்று முறையாக ஆராய்ந்த பின்பே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறி மனிதருக்கு மட்டும் உரியதன்று. மின்கருவிக்கும் அதுவே நெறி.

முதலில் கண், பிறகு கருவி

மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடியுடன் பார்ப்பதே முதற்படி. கீறல் பச்சைப் பூச்சோடு நின்றதா, செம்புக்கோட்டையே அறுத்ததா? அருகில் கடுகளவு உறுப்பு ஏதேனும் பெயர்ந்து விழுந்திருக்கிறதா? கருகிய வாடை வருகிறதா?

பெயர்ந்த உறுப்பு எது என்பது மிக முக்கியம். மின்வழியின் குறுக்கே நிலத்துக்கு இணைக்கப்பட்ட சிறு மின்தேக்கிகள் மின்னழுத்தத்தைச் சீராக வைப்பதற்காகப் பல இடங்களில் பலவாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று போனாலும் பலகை ஓடக்கூடும். ஆனால் கோட்டின் நடுவே தொடராக இருக்கும் மின்தடையோ மின்சுருளோ போனால் அந்த வழியே அறுந்துவிடும். பக்க இணைப்பு, தொடர் இணைப்பு என்று நாம் பள்ளியில் படித்தோமே, அது இங்கேதான் பயன்படுகிறது!

இரண்டாம் படி, மின்வழங்கியைச் சோதிப்பது. பவர் சப்ளைப் பெட்டியைப் பலகையிலிருந்து பிரித்துவிட்டு, அதன் பெரிய இணைப்பியில் உள்ள பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்தால் அதன் விசிறி சுழல வேண்டும். மல்டிமீட்டரில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட் காட்ட வேண்டும். நூற்றுக்கு 5 பங்கு கூடலாம், குறையலாம். அதாவது 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். இங்கேயே குறை தெரிந்தால் பலகை மீது பழி இல்லை.

ஓர் எச்சரிக்கை: மின்வழங்கியின் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும், அதன் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். அந்த அளவுக்கு ஏறிய மின்தேக்கிகள், செருகியைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் உயிரைக் குடிக்கும் வலிமையோடு இருக்கும்.

மூன்றாம் படி, சுமையைக் குறைப்பது. பலகையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, காய்ந்த அட்டையின் மேல் வைக்க வேண்டும். செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு ராம், மின்வழங்கி ஆகியவை போதும். வன்தட்டு முதலிய மற்ற அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். பெட்டிக்குள் ஓடாத பலகை வெளியே ஓடினால், குற்றவாளி பெட்டிக்குள்தான் ஒளிந்திருக்கிறான்.

நான்காம் படி, பலகையையே பேச வைப்பது. கணிப்பொறி எழுந்தவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும் வழக்கம் 1981 இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே உண்டு. குறை கண்டால் ‘பீப்’ என்ற ஒலியால் தெரிவிக்கும். இன்றும் பல பலகைகளில் சிறு ஒலிபெருக்கியை இணைக்க இடம் இருக்கிறது. சிலவற்றில் சிறு விளக்குகள் இருக்கின்றன. ராமை முழுவதும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பலகை ‘ராம் இல்லை’ என்று ஒலியெழுப்பினால், செயலியும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். முறையிடத் தெரிந்த பலகை செத்த பலகை ஆகுமா?

நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். அதையும் செய்துவிட வேண்டும்.

அளக்கும்போது ஒரு பொறி உண்டு. செயலிக்கு மின்சாரம் தரும் வழியை நிலத்தோடு சேர்த்து அளந்தால் மீட்டர் ஓரிரு ஓம் மட்டுமே காட்டும். அனுபவமில்லாதவர் ‘ஷார்ட்’ என்று முடிவு கட்டிவிடுவார். அது குறையன்று. ஏறக்குறைய 1 வோல்ட்டில் பல ஆம்பியர் மின்னோட்டத்தை வாங்கும் உறுப்புக்கு அவ்வளவு குறைந்த தடை இயல்பே. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதாது. எண்ணின் காரணமும் தெரிய வேண்டும்.

ஒரு பெட்டியின் கதை

விடுதியில் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவர் இருக்கிறார். மலைக்கிராமத்துக்காரர். சாமை விற்ற பணத்தில் அவர் தந்தை பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். தூசி துடைக்க விசிறியைக் கழற்றும்போது திருப்புளி வழுக்கியது. அதன்பின் பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி விசிறி சுழலும், உடனே நிற்கும். கீழே நகரத்துக் கடையில் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புக் கூறப்பட்டது. பலகை மாற்றக் கேட்ட தொகை, அவர் அந்தப் பெட்டியை வாங்கிய விலையில் பாதிக்கு மேல். பேருந்துக் கட்டணம் வேறு. அவருடைய திட்டக்கட்டுரை முழுவதும் அதில்தான் இருந்தது.

மேலே சொன்ன முறைப்படி நான்கைந்து பேர் கூடி ஒரு மாலை முழுவதும் பார்த்தோம். பலகையைத் தூக்கியதும் அதன் அடியில் ஒரு திருகாணி கிடந்தது. மின்வழியையும் நிலத்தையும் அது இணைத்துவிட்டிருந்தது. மின்வழங்கி ஒரு நொடியில் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது அதனுடைய குற்றமன்று. அது தன் காவல் கடமையைச் செய்தது. அட்டையின் மேல் வைத்து மின்சாரம் கொடுத்ததும் திரை ஒளிர்ந்தது.

ஆனால் திருப்புளி கீறிய இடத்தில் ஒரு செம்புக்கோடு உண்மையாகவே அறுந்திருந்தது. வலைப்பின்னல் கம்பி செருகும் துளை அதனால் இன்றுவரை வேலை செய்யவில்லை. யு.எஸ்.பி. துளையில் சிறு இணைப்பி ஒன்றைச் செருகி அவர் பயன்படுத்திக்கொள்கிறார். பலகைக்கு ஊனம் நேர்ந்தது, மரணம் நேரவில்லை. ஊனத்துக்கும் மரணத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாலைப் பொழுது செலவழித்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

எல்லாம் கைவைத்தியம் ஆகாது

எல்லாப் பலகையையும் பிழைக்க வைக்கலாம் என்று நான் கூறவில்லை. மேல்பரப்பில் அறுந்த சாதாரணக் கோட்டைப் பச்சைப் பூச்சைச் சுரண்டி, மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்து ஒட்டலாம். உள்ளடுக்கில் அறுந்தால் கடினம். ராமுக்கும் செயலிக்கும் இடையே ஓடும் கோடுகள் ஒன்றுக்கொன்று நீளம் சமமாக இருக்கும்படி அளந்து போடப்பட்டவை. அங்கே ஒட்டுக்கம்பி ஒத்துவராது. உத்தரவாதக் காலம் முடியாத கருவியை நாமே திறப்பதும் அறிவுடைமை ஆகாது. உரிய நிலையத்துக்கு அனுப்புவதே முறை. கடைக்காரரையும் முழுதாகக் குறை கூற முடியாது. ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து திருகாணி தேடினால் அவருக்குக் கூலி யார் கொடுப்பார்? அவருக்கு நேரம் பணம். நமக்கோ அதே நேரம் படிப்பு. ஆகவேதான் இந்த வேலை கடையைவிடக் கல்லூரிக்குப் பொருத்தமானது என்கிறேன்.

கல்லூரிதோறும் ஒரு மேசை

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதனால் பயன் பெற்றனர். இடையில் நின்றுபோன பின், 2025 ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் கொடுத்த கருவி பழுதானால் மாணவன் எங்கே போவான்? பசுவைக் கொடுத்தவர் மாட்டு மருத்துவமனைக்கும் வழி சொல்ல வேண்டாமா?

பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி முதலான சில பொருள்களின் மீது ‘இதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது’ என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று விதி வந்தது. நம் நாட்டிலும் நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கியது. உரிமை வந்தால் மட்டும் போதுமா? உரிமையைப் பயன்படுத்தும் கைகள் வேண்டும். அந்தக் கைகளை உருவாக்கும் இடம் கல்லூரி.

கருவியைத் தானே செய்து, தானே செப்பனிடும் மரபு ஜவ்வாது மலைக்குப் புதிதன்று. நம் மலையில் உள்ள காவலூர் வானாய்வு நிலையத்தில் 1968 இல் பணி தொடங்கியபோது நிறுவப்பட்டது, நம்மவர்களே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி. விஞ்ஞானி வைணு பாப்புவின் கனவாகிய 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே கடைந்து செய்யப்பட்டதுதான். 1986 இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நம் நாட்டவர் தம் கையால் செய்த தொலைநோக்கிகள் நிற்கும் மலை இது. இந்த மலைப் பகுதியின் மாணவர்களா ஒரு திருகாணிக்குத் தோற்பது?

ஆகவே என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு அரசு கலைக் கல்லூரியிலும் இயற்பியல் ஆய்வகத்தின் ஓரத்தில் ஒரு பழுதுநீக்கும் மேசை வேண்டும். ஒரு மல்டிமீட்டர், பூதக்கண்ணாடி, திருப்புளித் தொகுதி, பற்றவைக்கும் கோல், சோதனைக்கென ஒரு நல்ல மின்வழங்கி, இரண்டு பழைய ராம்கள் போதும். ஆய்வகத்தில் ஒழித்துப்போட்ட பழைய கணிப்பொறிகளே பயிற்சிக்கு உதவும். வாரத்தில் ஒரு மாலை, ஓர் ஆசிரியர் மேற்பார்வையில், மாணவர்கள் அமர்ந்து பார்க்கட்டும். ஒவ்வொரு பழுதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டு வருபவனுக்கு அது பாடநூலாகும்.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். கணிப்பொறி கெட்டால் யோசனை கேட்க வீட்டில் அண்ணன் இல்லை, அக்கா இல்லை. இன்னொன்று வாங்கப் பணமும் இல்லை. நமக்கு இருப்பது நாம் படிக்கும் படிப்பு ஒன்றுதான். ஓம் விதியை விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் வரும். அதே விதியைத் தாய்ப்பலகையின் மீது வைத்துப் பார்த்தால் ஒரு தோழனின் ஓராண்டு உழைப்பு மீளும். நண்பர்களே, இனி யாரேனும் “போர்டு போய்விட்டது” என்றால், “எதை அளந்து பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள்.