ஆல்டரேஷன்: ஒரு சொல்லும் மூன்று வகை வண்டிகளும்

தையற்கடைப் பலகையில் 'ஆல்டரேஷன் செய்து தரப்படும்' என்று எழுதியிருந்தால் அதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. உடலுக்கு ஏற்ப உடையைப் பிடித்துக் கொடுப்பது என்பதே அங்கு அதன் பொருள். அதே சொல் மெக்கானிக் பட்டறைக்குள் 'ஆல்டர் பண்ணிய வண்டி' என்று வழங்குகிறது. சென்னைப் புதுப்பேட்டையிலும் அதுதான் வழக்கு. தாராவி, செம்பூர், அம்பர்நாத் எனத் தமிழர் வாழும் மும்பைப் பகுதிகளின் காரேஜ்களிலும் அதுதான் வழக்கு. நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாகச் செய்து அனுப்பிய வண்டியை ஒருவருடைய தேவைக்கும் விருப்பத்துக்கும் திருப்பி அமைத்தல் என்பது பட்டறை தரும் பொருள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலோ இச்சொல் குற்றத்துக்கும் குற்றமின்மைக்கும் இடையிலான எல்லைக்கோடாக நிற்கிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது மொழிக்கு இயல்பு. ஆனால் சட்டம் அப்பொருள்களைப் பிரித்தறியாமல் விடும்போது சாலையில் நடப்பவரின் பாதுகாப்பும், பட்டறைகளில் அரை நூற்றாண்டாகச் சேர்ந்த தொழிலறிவும் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன. ஆகவே கார் மாற்றியமைப்பைப் பணக்கார இளைஞரின் பொழுதுபோக்கு என்று கல்வியுலகம் ஒதுக்கிவிடுவது பொருந்தாது.

இந்தியாவில் 'ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்' என்பதன் வரலாறு இதைத் தெளிவாக்கும். இலங்கையில் ஜப்பானின் பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. தியத்தலாவைப் பந்தயங்களில் லான்சர் எவல்யூஷனையும் சிவிக்கையும் காண்பது அங்கே புதிதன்று. இந்தியாவின் இறக்குமதி விதிகளோ வேறு. பயன்படுத்திய கார் உற்பத்தியாகி மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். சுங்க வரியோ நெடுங்காலமாக வண்டியின் விலையையே விஞ்சி நிற்பது. நிறுவனங்களே நேரடியாக விற்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் எட்டாத உயரத்தில் இருந்தன. நிசான் ஜி.டி-ஆர் 2016இல் இங்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 2 கோடி ரூபாய். எனவே நடுத்தர வருவாய்க் குடும்பத்து ஆர்வலருக்கு ஸ்போர்ட்ஸ் கார் கடையில் வாங்கும் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. குடும்பக் காரிலிருந்து பட்டறையில் அது ஆக்கப்பட்டது.

இதற்கு முதல் மூலப்பொருளாக அமைந்தது சுசூகி. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் சந்தைக்குப் போய்வரவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வடிவமைக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அந்த எஞ்சினை எடுத்து, தாமே வடிவமைத்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் பொருத்தினார். 1980களின் இறுதியில் 'ஃபார்முலா மாருதி' பிறந்தது இப்படித்தான். குறைந்த செலவில், உள்ளூர் உதிரிப்பாகங்களோடு, பந்தயம் பயில ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கக் காலத்தில் அந்த வண்டியை ஓட்டியவரே. கரிவரதன் 1995இல் மறைந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் செய்ததைப் பட்டறை மொழியில் சொன்னால் அது ஆல்டரேஷன். நாடு பின்னாளில் பெருமைப்பட்டதும் அதன் விளைச்சலைக் கொண்டே.

இரண்டாம் மூலப்பொருள் திருவள்ளூரிலிருந்து வந்தது. 1998 முதல் அங்குள்ள ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷி லான்சரை உற்பத்தி செய்தது. லான்சர் வரிசையின் உடற்கூட்டை அடிப்படையாகக் கொண்டு ஜப்பானில் உருவான எவல்யூஷன் வகைகளில்தான் டோம்மி மேக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி வாகையரானார். உருவம் ஒன்று, உள்ளே இருந்தது வேறு. திருவள்ளூர் வண்டியில் டர்போ கிடையாது, நான்கு சக்கர இயக்கமும் கிடையாது. இந்த இடைவெளியில்தான் இந்திய மாற்றியமைப்பு இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளை எவல்யூஷனின் பம்பரையும் பின்சிறகையும் ஃபைபரில் வார்த்து ஒட்டி, வண்ணம் தீட்டி, காட்சிக்கு நிறுத்தியது. மற்றொரு கிளை வெளித்தோற்றத்தைத் தொடாமல் எஞ்சினையும் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் திருத்திப் பந்தயத் தடத்துக்குச் சென்றது. எஸ்டீமும் ஹோண்டா சிட்டியும் இந்த இரண்டாம் கிளையின் நெடுநாள் உழைப்பாளிகள்.

அந்த உழைப்பின் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை இழுத்து, எரிபொருளோடு எரித்து, வெளியே தள்ளும் இயந்திரம். கூடுதல் ஆற்றல் வேண்டுமெனில் கூடுதல் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கேற்ற அளவில் பெட்ரோல் சேர வேண்டும். எரிந்த புகை தடையின்றி வெளியேற வேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றினால் பயன் சிறிது, சேதம் பெரிது. எரிபொருள் குறைந்து காற்று மிகுந்தால் பிஸ்டனே உருகும். அனுபவமுள்ள மெக்கானிக் எஞ்சினுக்கு முன்பாக டயரையும் பிரேக்கையும் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தடத்தில் பத்துச் சுற்று ஓடினால் பிரேக் ஆயில் கொதித்து, மிதியை மிதித்தாலும் வண்டி நிற்காத நிலை வரலாம். வேகமாக ஓடச் செய்வதற்கு முன் உறுதியாக நிற்கச் செய்ய வேண்டும் என்ற பாடத்தைப் பட்டறை, வெந்துபோன பிரேக் பேடுகளிலிருந்து கற்றுக்கொண்டது.

இந்த அறிவுக்கு ஊர்களும் உண்டு. குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் பழைய உதிரிப்பாகங்களைத் தேடலாம். படைக்கலத் தொழிற்சாலையும் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையும் சூழ்ந்த அம்பர்நாத்தில் இரும்பைக் கடைந்து நூலிழை அளவுக்குத் துல்லியம் காட்டும் லேத் வேலை ஊரின் வாழ்வோடு கலந்தது. கிடைக்காத பாகத்தைக் கடைந்தே செய்துகொள்ளும் திறன் இத்தகைய ஊர்களின் சொத்து. ஆனால் அந்தத் திறன் இந்தத் துறையில் இயங்கும்போது ரசீதும் சான்றிதழும் பெயர்ப்பலகையும் இன்றி இயங்க நேர்கிறது. காரணம் சட்டம்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவுக்குக் கண்டிப்பான பொருள் கொண்டது. முன்மாதிரி வண்டி சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற பின், அந்த அடிப்படை விவரங்களிலிருந்து விலகும் மாற்றத்துக்கு இடமில்லை என்றது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இங்கேதான் சொற்பொருள் சிக்கல் சாலைக்கு வருகிறது. சிலிண்டர் கொள்ளளவும் நிறமும் இருக்கை எண்ணிக்கையும் பதிவுச் சான்றிதழில் உண்டு. பிரேக் டிஸ்க்கின் விட்டமும் ஷாக் அப்சார்பரின் இறுக்கமும் அதில் இல்லை. அப்படியானால் தரமான பிரேக் பொருத்துவது முரண்பாடா, இல்லையா? விடை, சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரி சட்டத்தை வாசிக்கும் விதத்தைப் பொறுத்தது. ஊரை எழுப்பும் சைலன்சரும் உயிரைக் காக்கும் பிரேக்கும் ஒரே பெயரால் அழைக்கப்படும்போது, எதைச் செய்தாலும் குற்றம் என்ற எண்ணம் இளைஞரிடம் வேரூன்றுகிறது. குற்றம் என்று ஆனபின், செலவுமிக்க பிரேக்கை விட்டுக் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற சைலன்சரையே அவர் தேர்ந்தெடுப்பார்.

மாற்றம் ஒன்றின் நன்மை தீமை அது நிகழும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு ரோல் கேஜ் நல்ல சான்று. ஓட்டுநர் இருக்கையைச் சுற்றி எஃகுக் குழாய்களால் அமைக்கப்படும் இக்கூண்டு, வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் காக்கிறது. பந்தயத்தில் அது பாதுகாப்பின் முதல் நிபந்தனைகளுள் ஒன்று. அதே வண்டியைத் தலைக்கவசமின்றிச் சாலையில் ஓட்டினால், சிறு மோதலிலும் தலை அந்த எஃகுக் குழாயில் அடிபடும். ஒரே குழாய் ஓரிடத்தில் உயிர் காக்கிறது, மற்றோரிடத்தில் உயிர் எடுக்கிறது. 'மாற்றம் அனுமதி' என்று மட்டும் சொல்லும் விதியும் 'மாற்றம் கூடாது' என்று மட்டும் சொல்லும் விதியும் இந்த வேறுபாட்டைக் காண இயலாதவை.

எதிர்வாதம் வலுவானது, அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. தாராவியின் குறுகிய சந்தில் கைக்குழந்தையோடு உறங்கும் குடும்பத்துக்கு, நள்ளிரவில் வெடிக்கும் சைலன்சர் ஒரு வன்முறையே. இரவில் பொதுச்சாலையில் பந்தயம் விடுவோரால் இறப்பவர்களுள் பந்தயத்தோடு தொடர்பே இல்லாத பாதசாரிகளும் உண்டு. அனுமதி பெற்ற பந்தயம் என்பதனாலும் பாதுகாப்பு உறுதியாகிவிடுவதில்லை. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் தடம் விலகிய கார் ஒன்று பார்வையாளர் மீது பாய்ந்து ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். ஆகவே தளர்வு வேண்டும் என்ற கோரிக்கை, கட்டுப்பாடு வேண்டாம் என்ற கோரிக்கையாக இருக்க முடியாது. சரியான இடத்தில் சரியான கட்டுப்பாடு என்பதே கேட்க வேண்டியது.

ஜப்பானின் அனுபவம் இதற்கு உதவும். அங்கும் மாற்றியமைத்த கார் நெடுங்காலம் குற்றத்தின் நிழலில்தான் இருந்தது. மலைச்சாலைகளிலும் கடற்கரை விரைவுச்சாலைகளிலும் சட்டவிரோதப் பந்தயங்கள் நடந்தன. 1983இல் ஒரு மாற்றியமைப்பு இதழைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய கண்காட்சி, 1987 முதல் 'டோக்கியோ ஆட்டோ சலோன்' என்ற பெயரில் வளர்ந்தது. பட்டறைக்காரர்கள் பெயரும் முகவரியும் காட்டி நிற்க ஓர் இடம் கிடைத்தது. 1995இல் அரசு விதிகளைத் தளர்த்தி, குறிப்பிட்ட பாகங்களை மாற்றத் தனி ஒப்புதல் தேவையில்லை என்றது. ஆயினும் 'ஷாகென்' எனப்படும் கட்டாயச் சோதனை தொடர்ந்தது. புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஒளி, ஒலி, புகை, பிரேக் ஆகிய யாவும் அளக்கப்படுகின்றன. மலைச்சாலையில் வளர்ந்த 'டிரிஃப்ட்' ஓட்டமும் 2001 முதல் மூடிய தடங்களில் டி1 கிராண்ட் பிரீ என்ற தொடராக நடந்தது. அங்கே சட்டவிரோத ஓட்டம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. எனினும் சட்டத்துக்குள் நிற்க விரும்புவோருக்கு ஒரு வாசல் திறந்தது.

வாசல் என்றால் தடமும் வேண்டும். இந்திய மோட்டார் பந்தயம் வளர்ந்தது இரண்டாம் உலகப் போரின் கைவிடப்பட்ட ஓடுபாதைகளிலும்தான். 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரம் ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. மும்பை ஆர்வலர் அங்கே செல்ல ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவுக்கு வண்டியை லாரியில் ஏற்றியாக வேண்டும். அம்பர்நாத்தை அடுத்த நேவாளியிலும் போர்க்கால ஓடுபாதை உண்டு. அதைத் தடமாக்கலாமே என்ற யோசனை எளிதில் எழும். ஆனால் போருக்காகக் கையகப்படுத்தப்பட்ட நிலத்தைத் திரும்பக் கேட்டு அப்பகுதி உழவர்கள் 2017 ஜூனில் நடத்திய போராட்டத்தை மறந்துவிட்டு அங்கே கார்ப் பந்தயம் பேசுவது அறமாகாது. ஒருவருடைய விளையாட்டுக்கு இன்னொருவருடைய வயல் விலையாகக் கூடாது. நில உரிமைச் சிக்கலற்ற தொழிற்பேட்டை மனைகளிலும், உரியவரின் இசைவு பெற்ற ஓடுபாதைகளிலும், ஆண்டின் சில நாள்களுக்கேனும் தற்காலிகத் தடங்களை அமைக்கலாம்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவைப்படவில்லை என்பதே கவனத்துக்குரிய செய்தி. தண்டனையைக் கூட்டிய அதே 2019 திருத்தம், மாற்றியமைப்புக்கான தரங்களையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை 52ஆம் பிரிவிலேயே ஒன்றிய அரசுக்கு வழங்கியிருக்கிறது. அப்படி வகுத்த முறையில் மாற்றினால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாததாகாது என்றும் சொல்கிறது. வாகனப் பொறியியலில் புத்தாக்கத்தை ஊக்குவிக்கச் சிலவகை வண்டிகளுக்கு விலக்களிக்க 2பி பிரிவும் இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென மாற்றியமைத்த வண்டிகளைச் சட்டம் தனி வகையாகவே ஏற்றிருக்கிறது. நோக்கத்தைப் பார்த்து மாற்றத்தைப் பிரித்தறியச் சட்டத்துக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று.

அந்தப் பிரிப்பை இன்னும் ஓரடி நீட்டினால் போதும். சாலையில் ஓடும் வண்டிக்கு, சோதித்துச் சான்றளித்த பிரேக், டயர், சஸ்பென்ஷன் பாகங்களின் பட்டியலும், ஒலிக்கும் புகைக்கும் அளந்து பார்க்கும் கண்டிப்பான வரம்பும் வேண்டும். காட்சி வண்டிக்கு, வெளித்தோற்ற மாற்றங்களைப் பதிவுச் சான்றிதழில் குறித்துக்கொள்ளும் எளிய நடைமுறை வேண்டும். பந்தய வண்டிக்கு, சாலைப் பதிவை ஒப்படைத்துவிட்டு லாரியில் மட்டுமே தடத்துக்குச் செல்லும் தனிப் பதிவும், இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழியாகப் பாதுகாப்புச் சோதனையும் வேண்டும். பாகங்களைச் சோதிக்கப் புணேயில் ஏ.ஆர்.ஏ.ஐ.யும் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி.யும் இருக்கின்றன. சிறு பட்டறைகளுக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் அவற்றின் கதவு திறக்க வேண்டும். இல்லையேல் புதிய விதியும் பெருநிறுவனங்களுக்கே பயன்படும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பொறியியல் மாணவர் போட்டிக்காகக் கட்டும் பந்தய வண்டி ஆய்வுத் திட்டம் என்று பாராட்டப்படுகிறது. அதே வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்யும் மெக்கானிக்கின் அறிவோ எந்த ஆய்வேட்டிலும் ஏறுவதில்லை. எஞ்சின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் அவருடைய சொற்களஞ்சியம், ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் தமிழும் கலந்து, அகராதிக்கு வெளியே கிடக்கிறது. பொறியியல் துறையும் மொழியியல் துறையும் சட்டத் துறையும் இணைந்து அந்தப் பட்டறைகளுக்குச் சென்று, அங்கு எது மாற்றப்படுகிறது, ஏன் மாற்றப்படுகிறது, எப்பெயரால் அழைக்கப்படுகிறது என்று பதிவு செய்தால், தரங்களை வகுக்கும் குழுவுக்கு அதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறு கிடைக்காது. அக்குழுவில் தயாரிப்பு நிறுவனங்களின் பொறியாளர்களோடு பட்டறைக்காரர் ஒருவருக்கும் நாற்காலி இடப்பட வேண்டும்.