பெயர் என்னும் மர்மம்

மர்ம நாவல் என்றதும் நேயர்களின் நினைவுக்கு வருவன யாவை? பூட்டிய அறை, அதனுள் ஒரு பிணம், துப்பறியும் நிபுணர், கடைசி அத்தியாயத்தில் அகப்படும் குற்றவாளி. வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதல் தமிழ்வாணன் வரை பலரும் இவ்வழி நின்றே நம்மைக் கண்விழிக்கச் செய்தனர். ‘கொலை செய்தவன் யார்?’ என்பது அவர்கள் இட்ட முடிச்சு. நம்மவரான ஷோபாசக்தி இடும் முடிச்சு அதுவன்று. ‘இவன் எந்தப் பெயரைச் சொன்னால் உயிர் தப்புவான்?’ என்பதே அவர் எழுத்திலே நம் நெஞ்சைப் பதைக்கவைக்கும் வினா.

பண்ணைத் தாம்போதிக்கு அப்பாலுள்ள அல்லைப்பிட்டியிலே 1967-ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். இயற்பெயர் அந்தோனிதாசன். இளமையில் விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்து, பின்னர் விலகினார். 1993-இல் பிரான்சில் அடைக்கலம் புகுந்து, உணவகத்திற் பாத்திரம் கழுவுதல் முதலான வேலைகளைச் செய்துகொண்டே எழுதலானார்.

2001-இல் வெளிவந்த ‘கொரில்லா’, அகதி ஒருவன் அந்நிய அதிகாரிகளுக்கு எழுதும் விண்ணப்பமாகத் தொடங்குகின்றது. அதன் பின்னே விரிவது ரொக்கிராஜ் என்னும் இளைஞனின் கதை. ஊர்ச் சண்டியனான தகப்பனின் பட்டப்பெயர் மகனையும் ஒட்டிக்கொள்கின்றது. இயக்கத்திற் சேர்ந்தும் அப்பெயர் அவனை விட்டபாடில்லை. 2004-இல் வந்த ‘ம்’, 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட கொடுமையைப் பேசுகின்றது. தப்பிப் பிழைத்தவன் என்பதனாலேயே ஒருவனை உத்தமனாக்கிவிட இவ்வாசிரியர் இசைவதில்லை.

இவர் கதாநாயகனாக நடித்த ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படமும் இவ்வினாவையே எழுப்புகின்றது. ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும், இறந்துபோன குடும்பமொன்றின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு பிரான்சு சேர்கின்றனர். ‘தீபன்’ என்பதே இறந்தவனின் பெயர்தான். 2015-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது இப்படத்துக்குக் கிடைத்தது.

இவற்றை நம் மாணவர்க்கு ஏன் கூறுகின்றோம்? பாட்டி அழைக்கும் பெயர் ஒன்று, கடவுச்சீட்டிலுள்ள பெயர் வேறொன்று என்றவாறு வெளிநாட்டில் வாழ்வோர் நம் உறவினரிலும் உளர். அதனைப் பொய்யென்று நகைத்தல் எளிது. அப்பெயரைச் சொல்ல நேர்ந்த நாளில் அவர் முன் நின்ற ஆபத்து யாதென்று கேட்டறிவோர் சிலரே. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகள் அருகிலிருந்து கேட்கட்டும்.

‘கொரில்லா’வின் மொழி கரடுமுரடானது, கொடுமைகளை மறைக்காதது. ஆகவே பெற்றோர் முதலிற் படித்து, பின் மேல்வகுப்பு மாணவர் கையிற் கொடுப்பாராக. கொடாதிருத்தல் மட்டும் வேண்டா.