25 மைக்ரான்... தராசு சொல்லும் உண்மை!

‘‘ஐயா, ஒரு ஏக்கர் தக்காளிக்கு மல்ச்சிங் ஷீட் போட்டேன். இரண்டு மாதத்தில் ஷீட் பொரிந்து, கிழிந்து, காற்றில் பறக்கிறது. கிட்டத்தட்ட அதே விலைக்கு வேறு கடையில் வாங்கிய பங்காளி வயலில், அறுவடை முடிந்தும் ஷீட் அப்படியே கிடக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், ‘வெயில் அதிகம், நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்கிறார். பில்லில் ‘25 மைக்ரான், வர்ஜின், யு.வி.’ என்று போட்டிருக்கிறது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? வாங்கும்போதே தரத்தைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?’’

- வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

வழி உண்டு. பில்லில் இருக்கும் அந்த மூன்று சொற்களுக்கும் தனித்தனி அர்த்தம் இருக்கிறது. மூன்றில் ஒன்றைக் கடையிலேயே தராசு வைத்துச் சரிபார்த்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் கண்ணும் கையும் ஓரளவு உதவும். அதற்கு முன், ஷீட் எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

குருணையிலிருந்து ஷீட்

பிளாஸ்டிக் பொருள்கள் பெரும்பாலும் அரிசிக் குருணை போன்ற சிறு மணிகளாகத்தான் ஆலைக்கு வருகின்றன. மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர் லேட்டரல் குழாய், தார்ப்பாய், பண்ணைக்குட்டை ஷீட் எல்லாமே பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1933-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராமல் கிடைத்த பொருள் இது. இதிலேயே எல்.டி., எல்.எல்.டி., ஹெச்.டி. என்று வகைகள் உண்டு. எல்.டி. மிருதுவானது. எல்.எல்.டி. இழுத்தால் நீண்டு கொடுக்கும், எளிதில் குத்துப்படாது. மெல்லிய மல்ச்சிங் ஷீட்டுக்கு ஏற்றது இதுதான். ஹெச்.டி. விறைப்பானது. தார்ப்பாய் நாடா, கனமான குழாய் போன்றவற்றுக்கு அது பயன்படுகிறது.

இந்தக் குருணையைச் சூடான உருளைக்குள் கொட்டினால், உள்ளே சுழலும் திருகு அதை உருக்கி முன்னே தள்ளும். இடியாப்ப உழக்கில் மாவைப் பிழிவது போலத்தான். இதற்கு எக்ஸ்ட்ரூஷன் என்று பெயர். வெளியே வரும் வாயின் வடிவத்தைப் பொறுத்துக் குழாயாகவோ, ஷீட்டாகவோ மாறும். ஷீட்டுக்கு, வட்டமான வாயிலிருந்து வரும் உருகிய பிளாஸ்டிக்கைக் காற்றடைத்துப் பெரிய பலூன் போல ஊதி, ஆறவைத்து, வெட்டிச் சுருட்டுகிறார்கள். ஒரே எடைக் குருணையில் பலூனை எவ்வளவு மெல்லியதாக இழுக்கிறார்களோ, அவ்வளவு கூடுதல் நீளம் ஷீட் கிடைக்கும். அளவு குறைவது இந்த இடத்தில்தான்.

மைக்ரான்: எடை போட்டால் தெரியும்

மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 25 மைக்ரானுக்கும் 19 மைக்ரானுக்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால், தராசு கண்டுபிடித்துவிடும். கணக்கு இதுதான்:

நீளம் (மீட்டர்) × அகலம் (மீட்டர்) × மைக்ரான் × 0.92 = எடை (கிராம்).

0.92 என்பது பாலிஎத்திலீன் ஷீட்டின் அடர்த்தி. 400 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 25 மைக்ரான் என்றால், 400 × 1.2 × 25 × 0.92 = 11,040 கிராம். அதாவது, நடுவிலுள்ள அட்டைக் குழலின் எடையைக் கழித்த பிறகு, ரோல் சுமார் 11 கிலோ இருக்க வேண்டும். நிறத்துக்காகச் சேர்க்கும் பொருள்களால் கொஞ்சம் கூடலாம். எட்டரை கிலோதான் இருக்கிறது என்றால், அது 25 மைக்ரான் அல்ல, 19 மைக்ரான். அல்லது நீளம் குறைவு.

பாருக்குப் பார் 5 அடி இடைவெளி விட்டால், ஒரு ஏக்கருக்கு சுமார் 2,700 மீட்டர், அதாவது 7 ரோல் தேவைப்படும். ரோலுக்கு இரண்டரை கிலோ குறைந்தால், ஏக்கருக்கு 17 கிலோவுக்கு மேல் இல்லாத ஷீட்டுக்குப் பணம் கொடுத்ததாக ஆகிறது. ‘ஒரு ரோல் என்ன விலை?’ என்று கேட்பதைவிட, ‘ஒரு கிலோ என்ன விலைக்கு விழுகிறது?’ என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், மலிவு எது, மாயம் எது என்று புரிந்துவிடும்.

பயிருக்கு ஏற்ற கனமும் முக்கியம். மூன்று, நான்கு மாதப் பயிர்களுக்கு 25 மைக்ரான், ஓராண்டுப் பயிர்களுக்கு 50 மைக்ரான், நீண்டகாலப் பயிர்களுக்கு 100 மைக்ரான் என்பது பரிந்துரை.

தார்ப்பாய், நிழல்வலை போன்றவற்றை மைக்ரானுக்குப் பதில் ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதே அது. 18 அடிக்கு 24 அடி தார்ப்பாய் சுமார் 40 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம். என்றால் 8 கிலோ இருக்க வேண்டும்.

வர்ஜினும் மறுசுழற்சியும்

வர்ஜின் என்றால், இதுவரை எந்தப் பொருளும் செய்யப்படாத புதுக் குருணை. பழைய கவர், குழாய், குடம் ஆகியவற்றை உருக்கி எடுக்கும் குருணைக்கு ரீபிராசஸ்டு என்று பெயர். ஒவ்வொரு முறை உருகித் திருகுக்குள் போய் வரும்போதும் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகள் சிதைகின்றன. பலவகைப் பிளாஸ்டிக் கலந்திருந்தால் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. மண்ணும் தூசும் வேறு சேர்ந்திருக்கும். மறுசுழற்சிக் குருணை முழுக்கக் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. பூந்தொட்டி, வாளி போன்ற கனமான பொருள்களுக்கு அது போதும். முடியளவுகூடக் கனமில்லாத ஷீட்டுக்கும், அழுத்தம் தாங்க வேண்டிய குழாய்க்கும் அது ஆகாது.

இதைக் கடையில் நூறு சதவிகிதம் உறுதி செய்ய முடியாது. ஆனால், சில அடையாளங்கள் உண்டு. ஒரு மீட்டர் ஷீட்டைப் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வானத்து நட்சத்திரம் போல ஊசித் துளைகள் தெரிந்தால், அதை வாங்கக் கூடாது. சரியாக உருகாத துகள்கள் ஷீட்டில் புள்ளி புள்ளியாக நிற்கும். ஆலைக்காரர்கள் இதை ‘மீன் கண்’ என்பார்கள். கிழிசல் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அடுத்து, ஓர் அங்குல அகலத்தில் நீளவாக்கில் ஒரு துண்டு, அகலவாக்கில் ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பார்க்கலாம். நல்ல ஷீட் இரண்டு பக்கமும் நன்றாக நீண்டு, பிறகுதான் அறும். ஒரு பக்கம் இழுத்தவுடன் காகிதம் போலப் பிய்ந்தால், தரம் குறைவு.

எடை சரியாக இருந்தும் ஷீட் மோசமாக இருப்பது உண்டு. சுண்ணாம்புத் தூள் போன்ற மலிவான பொருள்களைச் சேர்த்து எடையைக் கூட்டலாம். லேட்டரல் குழாயில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போடுவது. பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசானது, மிதக்க வேண்டும். மூழ்கினால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

யு.வி.: வெயிலைத் தாங்கும் மருந்து

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பாலிஎத்திலீனை உடைத்துவிடும். இதைத் தடுக்கக் குருணையோடு சேர்க்கும் பொருளுக்கு யு.வி. ஸ்டெபிலைசர் என்று பெயர். கறுப்புக் குழாயில் இந்த வேலையைக் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் செய்கிறது. லேட்டரல் குழாயில் இது 2 முதல் 3 சதவிகிதம் வரை, எல்லா இடத்திலும் சீராகக் கலந்திருக்க வேண்டும். நிறம் கறுப்பாக இருப்பதாலேயே தரமானது என்று நினைத்துவிடக் கூடாது. பழைய பிளாஸ்டிக்கின் பல நிறங்களை மறைக்கவும் கறுப்புதான் வசதி.

‘வெயில் அதிகம்’ என்று கடைக்காரர் சொன்ன பதில் சரியல்ல. வெயிலில் கிடக்கத்தான் மல்ச்சிங் ஷீட்டே தயாராகிறது. ஆனால், விவசாயிகள் கவனிக்க வேண்டியதும் உண்டு. நடுப்பகலில் ஷீட் விரிந்து நிற்கும், இரவில் சுருங்கும். அதனால், விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. துளையைக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினால், மூலையிலிருந்து கிழிசல் ஓடும்; வட்டமாக வெட்ட வேண்டும். பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கந்தகம் தெளித்தால், கூரை ஷீட்டின் யு.வி. ஸ்டெபிலைசர் வலுவிழந்து ஆயுள் குறையும்.

‘‘4 கிலோ பைப், 6 கிலோ பைப் என்கிறார்களே, அது குழாயின் எடையா?’’

- வாசகி, தென்காசி மாவட்டம்.

எடை அல்ல, ஒரு சதுர சென்டிமீட்டரில் குழாய் தாங்கும் தண்ணீர் அழுத்தம். பி.வி.சி. குழாய்க்கான ஐ.எஸ். 4985 தரக்குறியீட்டில், கிளாஸ் 1 என்பது இரண்டரை கிலோ, கிளாஸ் 2 என்பது 4 கிலோ, கிளாஸ் 3 என்பது 6 கிலோ. 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் ஒரு கிலோ அழுத்தம் தரும். கிணற்றிலிருந்து 35 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்றினால், அடிக்குழாயில் உயரத்தால் மட்டுமே மூன்றரை கிலோ அழுத்தம் இருக்கும். குழாயில் ஏற்படும் உராய்வும், மோட்டாரை நிறுத்தும்போது விழும் அடியும் சேர்ந்தால் 4 கிலோ பைப் தாங்காது. 6 கிலோ பைப் தேவை. பி.வி.சி. சூட்டில் வலு குறையும். வெயிலில் கிடக்கவிடாமல் மண்ணுக்குள் புதைப்பது நல்லது.

‘‘கடையில் ‘மக்கும் ஷீட்’ என்று ஒன்று தருகிறார்கள். வாங்கலாமா?’’

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

‘ஆக்ஸோ’ என்ற சொல் இருந்தால் எச்சரிக்கை தேவை. அது சாதாரண பிளாஸ்டிக்கோடு, சீக்கிரம் உடைவதற்கான பொருள் சேர்த்தது. தூள்தூளாகக் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, மக்கியதாக அர்த்தம் இல்லை. உண்மையாகவே மக்கும் ஷீட்டும் இருக்கிறது, விலை அதிகம். அதிலும், உர ஆலைச் சூட்டில் மக்குவது வேறு. வயல் மண்ணில் மக்குவது வேறு. மண்ணில் மக்கும் மல்ச்சிங் ஷீட்டுக்கென ஐரோப்பாவில் 2018-ம் ஆண்டு ஈ.என். 17033 என்ற தரக்குறியீடு வந்தது. விற்பவரிடம் எந்தத் தரக்குறியீட்டின்படி மக்கும் என்று கேட்டு, சான்றைப் பார்க்க வேண்டும். சான்று இல்லாவிட்டால், சரியான கனமுள்ள சாதாரண ஷீட்டே மேல். அறுவடை முடிந்ததும் அதை முழுசாகச் சுருட்டி வெளியே எடுத்துவிடலாம். பொரிந்துபோன மெல்லிய ஷீட்டை எடுக்க முடியாது. அடுத்த உழவில் ஆயிரம் துண்டுகளாகி மண்ணிலேயே தங்கிவிடும். பணம் போனது ஒரு பட்டத்தோடு முடியும். அந்தத் துண்டுகள் பிள்ளைகள் காலத்திலும் நிலத்தில் கிடக்கும்.

வாங்கும்போது...

பில்லில் நிறுவனத்தின் பெயர், நீளம், அகலம், மைக்ரான், நிகர எடை, வர்ஜின், யு.வி. ஆகிய எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது. குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால், உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மானியத்தில் போடும் சொட்டுநீர்க் குழாய்க்கும் இந்தச் சோதனை பொருந்தும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகித மானியம் என்பதற்காகப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

கிருஷ்ணகிரி வாசகர், கையில் இருக்கும் பில்லைப் பத்திரப்படுத்தி, பிரிக்காத ரோல் மீதமிருந்தால் அதைச் சாட்சிகள் முன்பு எடை போட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். கடைக்காரருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தும் தீர்வு கிடைக்காவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். விவசாயியும் நுகர்வோர்தான் என்று, விதை தொடர்பான வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2012-ம் ஆண்டு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.