பழைய லென்ஸ் வாங்குவோருக்கு

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவன் அதன் கழுத்து மணியைக் கண்டு மடியை அவிழ்ப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறான். வாடிப்பட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விவேகம் இது. ஆயினும் பழைய காமிராவுக்கு லென்ஸ் தேடிப் புறப்படும் படித்தவர்களிற் பலர், பித்தளையின் பளபளப்பையும் அதிற் பொறித்த சீமைப் பெயரையும் கண்டு மயங்கி, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவ்விதம் ஏமாறாதிருக்கும் வழியை இவ்வாரம் ஆராய்வோம்.

நாம் கூறுவது, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் படம் பிடிக்கும் பெரிய மரக் காமிராவைப் பற்றி. மதுரைக்கு இது புதிதன்று. 1858-ஆம் ஆண்டிலேயே, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த காப்டன் லின்னியஸ் டிரைப், திருமலை நாயக்கர் மஹாலையும் மீனாட்சியம்மன் கோயிலையும் இத்தகைய காமிராவினால் காகித நெகடிவ்களிற் பிடித்திருக்கிறார். பின்னர் 1940-களில் ஆலப்புழையில் கருணாகரன் என்பார் தேக்கும் பித்தளையும் கொண்டு ‘வாகீசுவரி’ என்னும் காமிராவைச் செய்து, 250 ரூபாய் விலையில் விற்றார். நாடெங்கும் ஸ்டூடியோக்களில் அது இடம் பெற்றது. பெட்டியை நம்மவர் கைகள் செவ்வனே செய்தன. அதன் கண்ணுக்கு மட்டும் அயல் நாட்டை எதிர்நோக்க வேண்டியிருந்தது. ஆகவே அக்கண்ணை நன்கு சோதித்துக் கொள்ளுதல் நம் கடமையாகிறது.

முதலாவது, அளவு. லென்ஸ் வீழ்த்தும் பிம்பம் வட்டமானது, பிலிமோ நாற்கோணமானது. வட்டத்தின் விட்டம் பிலிமின் மூலைவிட்டத்துக்குக் குறைந்தால் படத்தின் நான்கு மூலைகளும் இருண்டு போகும். பழைய ‘ஹாப் பிளேட்’ 4¾ அங்குலத்துக்கு 6½ அங்குலம்; மூலைவிட்டம் ஏறக்குறைய 204 மில்லிமீட்டர். ‘புல் பிளேட்’டுக்கு அது 272 மில்லிமீட்டர். இன்று எளிதிற் கிடைக்கும் பிலிம் 4-க்கு 5 அங்குலம். அதற்கு 163 மில்லிமீட்டர் போதும். லென்ஸை ஓர் அட்டையிற் பொருத்திக் காமிராவின் முன் வைத்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பி, தேய்த்த கண்ணாடியின் மூலைகளைப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

குவிதூரம் பொறித்த எழுத்துத் தேய்ந்திருந்தால் கவலை வேண்டா. வாடிப்பட்டியிலிருந்து சிறுமலையை நோக்கிக் காமிராவை வைத்து, மலைமுகடு தெளிவாகத் தெரியும்போது லென்ஸின் நடுவிலிருந்து தேய்த்த கண்ணாடி வரை அளந்தால், அதுவே பெரும்பாலான லென்ஸுகளின் குவிதூரம். பொருளை அதன் மெய்யளவிலேயே பிடிக்க விரும்பினால் துருத்தி அதைப்போல் இரு மடங்கு நீளவேண்டும். துருத்தி நீளாத காமிராவுக்கு நீண்ட குவிதூர லென்ஸை வாங்குதல் வீண் செலவு.

இரண்டாவது, கண்ணாடியின் நிலை. இருட்டறையில் பின்புறம் டார்ச் விளக்கைப் பிடித்து நோக்குக. சிலந்தி வலை போன்ற இழைகள் காணின் அது பூஞ்சணம், கண்ணாடியையே அரித்திருக்கக்கூடும். விளிம்பில் வானவில் நிறம் காட்டினால், இரு கண்ணாடிகளை ஒட்டிய பிசின் விடுகிறதென்று அறிக. முன்புறத்துச் சிறு கீறலைப் பொறுக்கலாம். பின்புறத்துக் கீறல் அதனினும் அதிகக் கெடுதல் செய்யும். பழங் கண்ணாடிக்குள் காணும் ஓரிரு குமிழிகளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. முன் பகுதியும் பின் பகுதியும் வெவ்வேறு லென்ஸுகளிலிருந்து சேர்த்தவையா என்பதையும் விசாரித்துக் கொள்க. பொருந்தாத இரு பகுதிகள் தெளிந்த படம் தருவது அரிது.

எந்த ஜாதி லென்ஸ் என்பதும் முக்கியம். 1840-ல் தோன்றிய பெட்ஸ்வால் வகை நடுவில் மிகத் தெளிவாகவும் ஓரங்களில் மங்கலாகவும் காட்டும். முகப்படத்துக்கு அது அழகு, கோபுரத்துக்குக் குறை. 1902-ல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியார் வெளியிட்ட டெஸ்ஸார் வகை பெரும்பாலான காரியங்களுக்கு ஏற்றது.

மூன்றாவது, ஷட்டர். ஒரு வினாடிக்குத் திருகி, கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுக. இழுத்து இழுத்து நின்றால் உள்ளே பழைய கிரீஸ் உலர்ந்திருக்கிறது. அதற்கு எண்ணெய் விடுவது பெருந் தவறு. எண்ணெய் தகடுகளிற் பரவி அவற்றை ஒட்டிவிடும். கழற்றித் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை. ஷட்டரே இல்லாத லென்ஸும் மலிவாகக் கிடைத்தால் தள்ளத் தக்கதன்று. துவாரத்தை நன்கு சிறுக்கினால், திண்ணை நிழலில் மூடியை இரண்டு மூன்று வினாடி எடுத்து மூடியே படம் பிடிக்கலாம். ஆனால் வாடிப்பட்டி மேளக்காரரைப் பிடிக்க அது உதவாது. அவர் கை ஒரு வினாடி கூட நிற்பதில்லை.

இனிப் பொருத்துதல். கோபால் என்னும் ஜப்பானிய ஷட்டர்களில் பூஜ்ய நம்பருக்குப் பலகையில் 34.6, ஒன்றாம் நம்பருக்கு 41.6, மூன்றாம் நம்பருக்கு 65 மில்லிமீட்டர் துளை வேண்டும். மற்றவற்றை வெர்னியர் கொண்டு அளந்த பிறகே துளையிடுக. பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க இயலாது. மரப்பலகை தடித்திருந்தால் பின்பக்கம் சற்றுக் குடைந்தாலன்றி இறுக்கும் வளையம் மரையிற் பிடிக்காது. பழம் பித்தளை லென்ஸின் வளையம் காணாமற் போயிருந்தால், மதுரையில் லேத் வைத்திருப்பவரிடம் லென்ஸையே கொண்டு சென்று மரை கடைந்து வாங்குக. முடிவில் பெட்டிக்குள் விளக்கை வைத்து, இருட்டறையில் பலகையைச் சுற்றிலும் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் 1880 முதல் எடுத்த படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடிச் சேகரித்து வந்திருக்கின்றனர். படங்களைக் காக்க அவர்கள் முன்வந்தார்கள். அவற்றைக் கண்ட லென்ஸுகளைக் காப்பவர் யார்? ஸ்டூடியோ மூடும் நாளில், நம் பாட்டிமார் கல்யாணக் கோலத்தில் அசையாது அமர்ந்து நோக்கிய அந்தக் கண் பித்தளை எடைக்குப் போய்விடக்கூடும். உங்கள் ஊரில் அத்தகைய கடை ஒன்று இருக்குமாயின், ஒரு டார்ச் விளக்கும் அளவுகோலுமாய் இந்த வாரமே போய் விசாரியுங்கள். பேரம் பேசுவது பிறகு இருக்கட்டும். முதலில் பல்லைப் பாருங்கள்.