பள்ளிக்கு அருகில் வீடு: முகவரி கிடைக்கும், சேர்க்கை கிடைக்குமா?

டெல்லி, நொய்டா, காசியாபாத், குருகிராம் உள்ளிட்ட நகரங்களை உள்ளடக்கிய தேசியத் தலைநகர்ப் பகுதியில், வீட்டு விற்பனை விளம்பரங்கள் தவறாமல் மூன்று வசதிகளைக் குறிப்பிடுகின்றன: மெட்ரோ ரயில் நிலையம், மருத்துவமனை, பள்ளி. சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களின் முடிவில் இவற்றுள் அதிகச் செல்வாக்குச் செலுத்துவது பள்ளியே. பெயர் பெற்ற பள்ளிக்கு அருகில் குடியேறினால் குழந்தைக்கு அங்கே இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில், நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் சேமிப்பையும் எதிர்கால வருமானத்தின் ஒரு பகுதியையும் ஏதேனும் ஒரு புறநகருக்கு ஒப்புக்கொடுக்கின்றன.

அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் உள்ள ஆதாரம் மிகக் குறைவு. இந்தியாவில் தனியார் பள்ளியின் பொதுப்பிரிவு இடத்துக்கு வீட்டு முகவரி எந்த உரிமையையும் தருவதில்லை. முகவரிக்குச் சட்டப்படியான மதிப்பு இருப்பது அரசுப் பள்ளிகளிலும், தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களிலும்தான். வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் தேடுவதோ இவ்விரண்டிலும் சேராத இடங்களை.

தூரத்துக்கு மதிப்பெண்

டெல்லியின் மழலையர் வகுப்புச் சேர்க்கை வரலாறு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. குழந்தைகளையும் பெற்றோரையும் நேர்காணல் செய்து சேர்க்கும் வழக்கத்துக்கு மாற்றாக, டெல்லி உயர் நீதிமன்றம் அமைத்த அசோக் கங்குலி குழு மதிப்பெண் முறையைப் பரிந்துரைத்தது. வீட்டின் தூரம், அதே பள்ளியில் பயிலும் உடன்பிறந்தோர், பெற்றோர் முன்னாள் மாணவராக இருத்தல் போன்றவற்றுக்கு மதிப்பெண் வழங்கும் பழக்கம் அதன் பின்னரே வேரூன்றியது.

2013 டிசம்பரில் அப்போதைய துணைநிலை ஆளுநர் நஜீப் ஜங் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மொத்தம் 100 மதிப்பெண்களில் 70-ஐ அண்மைக் குடியிருப்புக்கு ஒதுக்கின. அந்த ஏற்பாடு நீடித்திருந்தால், வீட்டின் இருப்பிடமே சேர்க்கையைத் தீர்மானித்திருக்கும். ஆனால், பள்ளிகளின் தன்னாட்சியையும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரின் உரிமையையும் முன்னிறுத்தி, 2014 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல்களை ரத்து செய்தது. டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் நிலத்தில் இயங்கும் 298 தனியார் பள்ளிகளுக்கு மட்டும் அண்மைக் குடியிருப்பு விதியை விதித்து 2017 ஜனவரியில் வெளியான அறிவிக்கையும் அடுத்த மாதமே நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உள்ளானது.

இதன் விளைவாக, சேர்க்கை அளவுகோல்களையும் அவற்றுக்கான மதிப்பெண்களையும் ஒவ்வொரு பள்ளியும் தானே வகுத்து, விண்ணப்பம் தொடங்கும் முன் வெளியிடுகிறது. ஒரு பள்ளி தூரத்துக்குப் பெரும்பங்கு மதிப்பெண் தரலாம். மற்றொன்று உடன்பிறந்தோருக்கு முன்னுரிமை தரலாம். இந்தப் பங்கீடு ஆண்டுதோறும் மாறவும் கூடும். குழந்தை பிறந்தபோது பார்த்த மதிப்பெண் பட்டியலை நம்பி வீடு வாங்கிய குடும்பம், குழந்தைக்கு மூன்று வயது நிறையும்போது வேறொரு பட்டியலை எதிர்கொள்ள நேரலாம்.

மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. பல பள்ளிகள் தூரத்தைச் சில கிலோமீட்டர் இடைவெளிகளாகப் பிரித்து, ஒரே இடைவெளிக்குள் வசிக்கும் அனைவருக்கும் ஒரே மதிப்பெண் வழங்குகின்றன. அவ்வாறான பள்ளியில், வாசலுக்கு எதிரே இருக்கும் வீடும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீடும் சமமே. மதிப்பெண் சமமாகும்போது குலுக்கலே முடிவு செய்கிறது. எதிர் வீட்டுக்காகக் கொடுத்த கூடுதல் விலை, குலுக்கலில் ஒரு சீட்டைக்கூட அதிகமாகப் பெற்றுத் தராது.

உரிமை தரும் முகவரி

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 'அண்மைப் பள்ளி' என்ற கருத்தை மையமாகக் கொண்டது. மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு விதிகளின்படி, 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான குழந்தைக்கு நடந்து செல்லும் தூரமான ஒரு கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான குழந்தைக்கு மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். அதை ஏற்படுத்தித் தருவது அரசின் கடமை. தனியார் பள்ளிகள் தங்கள் தொடக்க நிலை வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை அண்மையில் வசிக்கும் நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு வழங்க வேண்டும் என்று சட்டத்தின் 12-ஆவது பிரிவு கூறுகிறது.

இந்த 'அண்மை' என்ற சொல்லின் பொருளே பல மாநிலங்களில் வழக்குகளுக்குக் காரணமாகியுள்ளது. அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ அருகில் இருந்தால், தனியார் பள்ளிகளுக்கு 25 சதவீதக் கடமையிலிருந்து விலக்கு அளிக்கும் வகையில் கர்நாடகம் விதியைத் திருத்தியது. அம்மாநில உயர் நீதிமன்றம் 2019-ல் அதை ஏற்றது. இதை ஒத்த திருத்தத்தை மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தபோது, மும்பை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அதை ரத்து செய்தது. ஒரே சட்டம், ஒரே கேள்வி. இரு நீதிமன்றங்களின் விடைகள் வேறு.

கோத்தாரி ஆணையம் (1964-66) கனவு கண்ட அண்மைப் பள்ளி, ஒரு பகுதியில் வாழும் ஏழை, பணக்காரர் வீட்டுக் குழந்தைகள் அனைவரும் ஒன்றாகப் பயிலும் பொதுப்பள்ளி. இன்றைய வீட்டுச் சந்தை அந்தக் கருத்தைத் தலைகீழாக்கியுள்ளது. பள்ளியை முன்னிட்டு வீட்டு விலை உயரும்போது, அந்தப் பகுதியில் யார் வாழ முடியும் என்பதையே பணம் முடிவு செய்கிறது.

கடனும் பள்ளிக் காலமும்

பள்ளிக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குடும்பம் கூடுதலாக 10 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு அதன் மாதத் தவணை ஏறத்தாழ 8,680 ரூபாய். கடன் முடியும்போது செலுத்தப்பட்டிருக்கும் தொகை சுமார் 20.8 லட்சம் ரூபாய். இது பள்ளிக் கட்டணம் அன்று. பள்ளியின் அருகாமைக்கு மட்டும் கொடுக்கப்படும் விலை.

மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை பள்ளிக் காலம் 14 அல்லது 15 ஆண்டுகள். கடனோ 20 ஆண்டுகள். இடையில் பணியிட மாற்றம் நேரலாம், பள்ளியின் தரம் மாறலாம், குழந்தைக்கு அந்தப் பள்ளி பொருந்தாமலும் போகலாம். அப்போது வீட்டை விற்று வேறிடம் செல்வது எளிதன்று. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இரண்டாவது முறையும் செலுத்தப்பட வேண்டும்.

பள்ளிகள் கேட்பது வசிப்பிடத்துக்கான சான்றையே; வீட்டு உரிமைப் பத்திரத்தை அன்று. வாக்காளர் அட்டை, ஆதார், மின் கட்டண ரசீது போன்றவை பொதுவாக ஏற்கப்படும் சான்றுகள். வாடகை வீட்டில் வசிப்போர் எந்த ஆவணத்தைத் தர வேண்டும் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும் என்பதால், அதை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். சேர்க்கை உறுதியாகும் வரை வாடகைக்கு இருந்து, பின்னர் வீடு வாங்குவது, பல குடும்பங்களுக்கு இழப்பு குறைந்த வழியாக இருக்கும்.

மாநில எல்லையும் முக்கியம். ஒரே மெட்ரோ தடத்தில் அமைந்திருந்தாலும் துவாரகா டெல்லியிலும், நொய்டா உத்தரப் பிரதேசத்திலும் உள்ளன. குருகிராம் ஹரியாணாவைச் சேர்ந்தது. கட்டண ஒழுங்குமுறையும் சேர்க்கை விதிகளும் மூன்றிலும் வெவ்வேறானவை. டெல்லி விதிகளைப் படித்துவிட்டு நொய்டாவில் வீடு வாங்குவது பயன் தராது.

வரைபடத்தில் மட்டும் உள்ள பள்ளி

புதிய புறநகர்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. விளம்பரப் படத்தில் பள்ளியாகக் காட்டப்படும் இடம் பல ஆண்டுகள் வெற்று மனையாகவே கிடக்கலாம். விளம்பரத்திலோ தகவல் கையேட்டிலோ உள்ள தவறான விவரத்தை நம்பி முன்பணம் செலுத்தி இழப்புக்கு உள்ளானவர், இழப்பீடு கோரலாம். திட்டத்திலிருந்து விலகி வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறவும் கோரலாம் என்று ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 12-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் வழக்கு முடியும் வரை குழந்தையின் வயது காத்திருப்பதில்லை.

வீடே கைக்கு வராத அனுபவமும் இப்பகுதிக்குப் புதிதன்று. நொய்டா, கிரேட்டர் நொய்டாவில் அம்ரபாலி குழுமத்தின் திட்டங்கள் முடங்கியதால் 40,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் அக்குழுமத்தின் ரெரா பதிவை ரத்து செய்து, கட்டுமானத்தை முடிக்கும் பொறுப்பைப் பொதுத்துறை நிறுவனமான என்பிசிசி-யிடம் ஒப்படைத்தது. இத்தகைய திட்டங்களில் சிக்கிய குடும்பங்கள் வாடகையையும் கடன் தவணையையும் ஒருசேரச் சுமக்க நேர்ந்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைக் கொண்டு, அனுமதி பெற்ற வரைபடத்தையும் ஒப்படைப்புத் தேதியையும் பார்க்கலாம். சிபிஎஸ்இ பள்ளிகள் தங்கள் இணைப்பு நிலை, கட்டண விவரம், ஆசிரியர் எண்ணிக்கை, கட்டடப் பாதுகாப்புச் சான்று, பொதுத்தேர்வு முடிவுகள் ஆகியவற்றைத் தங்கள் இணையதளத்தில் கட்டாயம் வெளியிட வேண்டும். இவை விற்பனை முகவரின் சொல்லைவிட நம்பத்தக்கவை. ஒரே பள்ளியை நம்பாமல், ஏற்கத்தக்க மூன்று, நான்கு பள்ளிகள் எட்டும் தூரத்தில் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு குலுக்கலின் முடிவு குடும்பத்தின் திட்டத்தைக் குலைக்காது. காலை ஏழு மணிப் போக்குவரத்தில் அந்தப் பள்ளிகளுக்கு ஒருமுறை சென்று பார்ப்பதும் நல்லது. வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டராகத் தெரிவது, மூன்று வயதுக் குழந்தைக்கு முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணமாக இருக்கலாம்.

அந்தப் பட்டியலில் அருகிலுள்ள அரசுப் பள்ளியையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. முகவரியை உரிமையாக மதிக்கும் பள்ளி அதுவே. அதன் தரம் உயர்ந்தால், பெற்றோர் மதிப்பெண் பட்டியலுக்காகவும் குலுக்கலுக்காகவும் வீடு மாற வேண்டிய தேவை குறையும். அது நடக்காத வரை, அரசு செய்யத் தவறிய முதலீட்டின் சுமையைக் குடும்பங்கள் வீட்டுக் கடனாகத் தொடர்ந்து செலுத்தும். அந்தக் கடனைப் பெற இயலாத குடும்பங்களின் குழந்தைகள் அதைவிடப் பெரிய விலையைக் கொடுப்பார்கள்.