கொஞ்சம் என்றால் எவ்வளவு?

வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்.

"நீங்க எழுந்திரிக்காதீங்க மாமா! தண்ணீரை நானே கொண்டு வர்றேன்" என்கிறாள் மருமகள். பத்திரிகை கைக்கு வருகிறது. சாப்பாடு கட்டிலுக்கு வருகிறது.

பாசம்தான். குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பாசமே அவரைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறது!

இது நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு வருகிறது. பிடிக்காதவர்களுக்கும் வருகிறது. ஆண்டுக்கணக்கில் விறகு அடுப்பு ஊதிய தாய்மார்களைக் கேளுங்கள், சொல்வார்கள். மூச்சுக்குழாய் சுருங்கிப்போவதால், உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வருவதில்லை. அவசரமாக மூச்சு விட்டால் இன்னும் அதிகம் தங்கிவிடுகிறது. அதுதான் திணறல்.

திணறலுக்குப் பயந்து நோயாளி உட்காருகிறார். உட்கார உட்காரக் கால் சதை வற்றுகிறது. வற்றிய கால் சிறு வேலைக்கே களைத்து, அதிகக் காற்றைக் கேட்கிறது. பத்தடியில் வந்த திணறல் ஐந்தடியில் வருகிறது. பிறகு எழுந்திருக்கவே பயம்!

ஒரு காலத்தில் டாக்டர்களே "ஓய்வு எடு" என்றுதான் சொன்னார்கள். 1952-ல் நியூயார்க் டாக்டர் ஆல்வன் பராக், ஆக்சிஜன் கொடுத்து நடக்க வைத்தால் நோயாளியின் நடக்கும் சக்தி கூடுகிறது என்று எழுதினார். அது எடுபட வெகுகாலம் ஆயிற்று. இன்று நுரையீரல் டாக்டர்கள் நடக்கத்தான் சொல்கிறார்கள். கெட்ட நுரையீரல் நடையால் சீராகாது. ஆனால் கால் பலம் பெற்றால், அதே நடைக்குக் குறைந்த காற்றே போதும்.

சரி, எவ்வளவு நடப்பது?

"கொஞ்சம் நடங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? "மாத்திரையைக் கொஞ்சம் சாப்பிடு" என்று எந்த டாக்டராவது சொல்வாரா?

நடைக்கும் அளவு உண்டு. 30 மீட்டர் நீளமுள்ள சமதளத்தில் நோயாளியை 6 நிமிடம் நடக்கச் சொல்கிறார்கள். முடிந்தவரை வேகமாக நடக்கலாம், களைத்தால் நிற்கலாம். ஒருவர் 300 மீட்டர் நடந்தார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 50 மீட்டர் ஆகிறது. அதில் 80 சதவிகிதம், அதாவது நிமிடத்துக்கு 40 மீட்டர், அவருடைய பயிற்சி வேகம். 10 நிமிடத்தில் 400 மீட்டர். கணக்கு அவ்வளவுதான்!

வீட்டில் மீட்டர் அளக்க முடியாதே என்கிறீர்களா? மூச்சே அளவுகோல். சுவீடன் நாட்டு மனோதத்துவ அறிஞர் குன்னார் போர்க் 0 முதல் 10 வரை ஒரு கணக்கு வகுத்தார். 0 என்றால் திணறலே இல்லை. 10 என்றால் இதற்கு மேல் தாங்காது. நடக்கும்போது 4 முதல் 6 வரை இருக்க வேண்டும். இரண்டு மூன்று வார்த்தை பேச வரும். நீண்ட கதை சொல்ல வராது. கதை சொல்லிக்கொண்டே நடந்தால் அந்த நடை போதாது. வாயே திறக்க முடியாவிட்டால் அது மிஞ்சிவிட்டது.

நாடியை எண்ணிப் பார்க்கலாமே என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இந்த நோயில் அதை மட்டும் நம்ப முடியாது. இதயம் களைக்கும் முன்பே மூச்சு முட்டிவிடுகிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள் சிலவும் நாடியை வேகப்படுத்துகின்றன.

தொடர்ந்து நடக்க முடியாதவர்கள் ஒரு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கலாம். அதுவும் பயிற்சிதான், வெட்கம் வேண்டாம்! உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஊதுவது போல் மெதுவாக மூச்சை வெளியே விட்டால், தங்கிய காற்று வெளியேறும். ஆரம்பத்தில் 5 நிமிடமே போதும். நாளாக ஆக 20, 30 நிமிடமாக்கலாம். வாரத்தில் மூன்று நாளாவது நடக்க வேண்டும். சுமார் எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் டாக்டரிடம் காட்டாமல் தொடங்கக் கூடாது. இதயத்தையும் பார்த்துவிட வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், உதடு நீலமாவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நில்லுங்கள். 2020, 2021 கொரோனா காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் கருவி பல வீடுகளில் தூங்குகிறது. எடுத்து மாட்டுங்கள். நடக்கும்போது 88-க்குக் கீழே இறங்கினால் நிறுத்தி, டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் வந்து சளி நிறம் மாறிய நாட்களில் டாக்டரைக் கேட்காமல் நடக்க வேண்டாம். பீடியை விடாமல் நடப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்!

மருமகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தண்ணீர்ச் சொம்பைக் கட்டிலருகே வைக்காமல் கூடத்தில் வைக்கலாம். பெரியவர் எழுந்து வரும்போது அவசரப்படுத்தாமல் கூடவே நடக்கலாம்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. உறிஞ்சும் மருந்து எழுதிக் கொடுக்கும் அதே சீட்டில் நடையின் அளவையும் எழுதிக் கொடுங்கள். பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு தாழ்வாரம், தரையில் இரண்டு கோடு, ஒரு கடிகாரம், கூட நிற்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள், விரலில் மாட்டும் கருவி. ஒரு நோயாளிக்கு ஆறு நிமிடம். இதைக் கூடவா செய்ய முடியாது?